இல்லாத ஆலையில் ஒரு இடம்

டோங்குவான்
2001 மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுயுன் எழுதுகிறேன். விடுதி அறையில் பன்னிரண்டு பேரில் ஏழு பேருக்குச் சளி. எனக்கு இன்னும் முறை வரவில்லை. உன் முதுகு எப்படி இருக்கிறது? அண்ணியின் இருமல் நின்றதா?

உறையில் என் பெயரை எழுதாதே என்று மறுபடி நினைவூட்டுகிறேன். போன தடவை "பெங் சுயுன்" என்று எழுதிவிட்டாய். வாசல் காவலர் "அப்படி யாரும் இங்க இல்ல" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவர் சொன்னதில் தவறில்லை. இங்கே நான் தெங் சியாவ்ஹே, வயது இருபத்தாறு. இருபத்தெட்டு தாண்டிய பெண்களை இந்தத் தொழிற்சாலை எடுப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். நாலு வருஷமாக மாமா மகளின் அடையாள அட்டையில்தான் குடை தைக்கிறேன். அட்டைப் படத்தில் அவளுக்குக் காது பெரிசு. அதனால் நான் முடியைக் காதுக்கு மேல் இழுத்து விட்டுக்கொள்கிறேன். வேறு யாரும் எதையும் பார்ப்பதில்லை.

ஒரு கதை எழுதியிருக்கிறேன், சிரிக்காதே. உற்பத்திச் சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதியது. வயது குறைந்த ஒரு பெண் இன்னொருத்தியின் அட்டையில் வேலைக்குச் சேர்கிறாள். கடைசியில் ஒருநாள் சந்தையில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி யாரோ கூப்பிடுகிறார்கள். அவள் திரும்பிப் பார்க்காமல் போய்விடுகிறாள். அவ்வளவுதான் கதை.

நம் ஹூனான் மாகாணத் தொழிற்சங்கப் பத்திரிகையில் தொழிலாளர் சிறுகதைப் போட்டி அறிவித்திருக்கிறார்கள். போன் செய்து விசாரித்தேன்.

"குடும்பப் பதிவேட்டுல என்ன போட்டிருக்கு?" என்றாள் அந்தப் பெண்.

"விவசாயின்னு இருக்கு."

"விவசாயிங்க போட்டி அக்டோபர்ல வருது. அதுக்கு அனுப்புங்க."

"நான் வயல்ல கால் வெச்சு எட்டு வருஷமாச்சுங்க. தினம் பன்னெண்டு மணி நேரம் ஃபேக்டரிலதான் இருக்கேன்."

"அது நீங்க செய்யற வேலைங்க. நான் கேக்கறது நீங்க யாருன்னு."

நியாயமான கேள்வி. அப்பா ஆலைத் தொழிலாளிதான், ஆனால் பதிவேட்டில் பிள்ளைகளுக்கு அம்மா வழிதானே, அதனால் நான் விவசாயி. போனை வைத்துவிட்டேன்.

தொழிலாளியின் மகள் என்று ஏதாவது பிரிவு இருக்குமா? நீ ஆலையில் இருப்பவன், உனக்குத் தெரியும். 1983-இல் அப்பா ஓய்வு பெற்றபோது அவர் இடத்துக்குப் பிள்ளைகளில் ஒருவர் போகலாம் என்று விதி இருந்தது. எனக்குப் பதினாறு ஆகட்டும், நாலு மாதம் பொறுக்கலாம் என்றுதான் அப்பா இருந்தார். அவருக்கு ஊறுகாய் கொடுக்கப் போன நீ, அந்த விதி அடுத்த மாதமே ரத்தாகிறது என்று ஆலைக் கேண்டீனில் கேட்டுவந்து சொன்னாய். அப்பா உடனே உன்னைச் சேர்த்துவிட்டார். நீ சொல்லாவிட்டால் இரண்டு பேருக்கும் இல்லாமல் போயிருக்கும். நம் வீட்டில் ஒருவராவது தொழிலாளியாக இருப்பது இப்போது உதவுமா என்று பார்.

கதையை இதனுடன் வைத்திருக்கிறேன். முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன் தங்கை
சுயுன்


மூன்றாம் பருத்தி ஆலை
இரண்டாம் நூற்புக்கூடம்
2001 மார்ச் 20

பிரியமுள்ள தங்கைக்கு,

உன் கடிதமும் கதையும் பத்திரமாக வந்து சேர்ந்தன. என் முதுகு உழைக்கும் வர்க்கத்தின் முதுகு, வளையுமே தவிர உடையாது. அண்ணி இருமிக்கொண்டேதான் உன் கதையைப் படித்தாள். முடித்த பிறகு வெகுநேரம் இருமவில்லை. இதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்ளலாம்.

கூடத்தில் வேலை மும்முரம். இருந்தாலும் ஆலைச் சுவர்ப் பலகைக்குப் பத்து வருஷம் எழுதியவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன். மொழி நன்று. ஆனால் நம்பிக்கை போதாது. அந்தப் பெண் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். கூப்பிட்டவர் முன்மாதிரித் தொழிலாளியாக இருந்து, அவளைக் கைபிடித்து மாலைப் பள்ளிக்கு அழைத்துப் போயிருந்தால் முடிவு உயர்ந்திருக்கும். 1988-இல் நான் எழுதிய "பஞ்சின் புன்னகை" அப்படித்தான் முடிந்தது. பலகையில் ஒன்பது நாள் அழிக்காமல் வைத்திருந்தார்கள்.

போட்டி விஷயம். தொழிலாளியின் மகள் என்று பிரிவு எதுவும் இல்லை. தொழிலாளி என்றால் தொழிலாளி. பணியிடத்தின் முத்திரை வேண்டும். யோசித்துப் பார்த்ததில் ஒரே வழிதான் தெரிகிறது: கதை என் பெயரில் போகட்டும். என் தகுதியை யாரும் கேள்வி கேட்க முடியாது. பரிசு வந்தால் உனக்கு. பெயர் மட்டும்தான் என்னுடையது.

உன் கண்ணைக் கவனித்துக்கொள். விளக்கு வெளிச்சத்தில் அதிகம் எழுதாதே.

அண்ணன்
பெங் கைஷான்


டோங்குவான்
2001 ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

கண் நன்றாகத்தான் இருக்கிறது, விரல்நுனிகள்தான் கொஞ்சம் தடித்துவிட்டன. ஒரு குடைக்கு எட்டுக் கம்பி, எட்டு முனை, எட்டு முடிச்சு. ஒரு நாளில் எத்தனை குடை என்பதை லுவோ அக்கா கணக்கு வைத்துக்கொள்கிறாள், நான் வைத்துக்கொள்வதில்லை. அண்ணிக்குப் பேரிக்காயைக் கற்கண்டு போட்டு வேகவைத்துக் கொடு.

சரி, உன் பெயரிலேயே அனுப்பு. நான் வேறு ஒருத்தி பெயரில் வேலை செய்கிறேன், என் கதையும் வேறு ஒருவர் பெயரில் போகட்டும். குடும்ப வழக்கம் போல இருக்கிறது. ஒரே ஒரு வேண்டுகோள்: முடிவை மாற்றாதே. முன்மாதிரித் தொழிலாளி வேண்டாம்.

லுவோ அக்கா எங்கள் வரிசைத் தலைவி. உங்கள் ஊர்ப் பக்கம்தான். மூன்றாம் ஆலை பூட்டி இரண்டு வருஷம் ஆகிறது என்று சொல்கிறாள். வேறு ஏதோ ஆலையை நினைத்துக்கொண்டு பேசுகிறாள் போல. நானும் வாக்குவாதம் செய்யவில்லை.

இயந்திர இரைச்சலில் காதைக் கவனித்துக்கொள்.

சுயுன்


ஆலைக் குடியிருப்பு
2001 ஏப்ரல் 25

பிரியமுள்ள தங்கைக்கு,

பேரிக்காய் வேலை செய்தது. கதையை அனுப்பிவிட்டேன். முடிவில் கை வைக்கவில்லை.

முத்திரை வாங்கப் போனேன். நிர்வாகச் சீர்திருத்தத்தில் ஆலை அலுவலகம் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. இப்போது ஒரே அறை, ஒரே மேஜை, ஒரே ஆள். எழுத்தர் கு. பழைய ஆள்தான், அப்பாவையே தெரிந்தவர். விண்ணப்பத்தைப் படித்தார், கதையையும் முழுசாகப் படித்தார். படித்து முடிக்கும் வரை முத்திரையை இழுப்பறையிலிருந்து எடுக்கவில்லை.

"கைஷான், நீ எப்போடா பொம்பளைங்க விடுதில தங்கின?"

"கற்பனைதான், கு ஐயா."

"பஞ்சு சிரிச்சதுன்னு எழுதினவனுக்கா இந்தக் கற்பனை?" என்றார். பிறகு 'தகுதி: தொழிலாளி' என்ற இடத்தில் ஓங்கி ஒரு குத்து. "வேலை இல்லாதவன் தொழிலாளி. வேலை செய்யறவ விவசாயி. நடுவுல உக்காந்து குத்தற நான் யாருன்னு மட்டும் எந்தப் பாரத்துலயும் கேக்க மாட்டேங்கறான்."

அவர் எப்போதும் இப்படித்தான் பேசுவார். பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

இந்தத் தடவை வெறும் தாளில் எழுதுகிறேன். ஆலை முகவரி அச்சிட்ட தாள் தீர்ந்துவிட்டது.

கைஷான்


டோங்குவான்
2001 ஜூன் 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. எல்லோரும் சுகம்தான் என்று வைத்துக்கொள்கிறேன். இங்கே வெயிலில் தையல் மேஜைமேல் கை வைத்தால் ஒட்டிக்கொள்கிறது. இரண்டு பெண்கள் மயங்கி விழுந்தார்கள். சூப்பர்வைசர் ஹௌ அவர்களுக்குப் பச்சைப்பயறுக் கஞ்சி கொடுத்தார், பிறகு அந்த நேரத்தைச் சம்பளத்தில் கழித்துக்கொண்டார். இரண்டையும் ஒரே முகத்தோடு செய்தார்.

எங்கள் குடைகள் மழை அதிகமான நாடுகளுக்குப் போகின்றன. நேற்று இங்கே நல்ல மழை. ஆயிரத்து இருநூறு பேர் தலையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு விடுதிக்கு ஓடினோம்.

அந்தப் பெண்ணைப் பற்றியே இரண்டாவது கதை ஒன்று எழுதிவிட்டேன். இந்தப் பக்கத்து இலக்கியப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினேன். அவர்கள் பதிவேடு கேட்கவில்லை. அதனால் பெங் சுயுன் என்றே போட்டேன். பதிலை லுவோ அக்காவின் தங்கை கடை முகவரிக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். என் பெயரை நானே எழுதிப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. 'யுன்' எழுத்தில் ஒரு கோடு விட்டுப்போய் மறுபடி எழுதினேன்.

பேச்சுவாக்கில் லுவோ அக்கா இன்னொன்று சொன்னாள். அவள் முதலில் மூன்றாம் ஆலையில்தான் இருந்தாளாம். அவளுடைய அம்மா ஓய்வு பெற்ற இடத்தில், 1985-இல் சேர்ந்தாளாம். வருஷத்தை மாற்றிச் சொல்கிறாள் என்று நினைக்கிறேன்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

சுயுன்


ஆலைக் குடியிருப்பு
2001 ஜூலை 12

பிரியமுள்ள தங்கைக்கு,

நாங்கள் சுகம். உட்கார்ந்துகொண்டு படி. முதல் பரிசு!

இனி மறைக்க முடியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். லுவோ அக்கா வேறு ஆலையைச் சொல்லவில்லை. 1999 வசந்தத்தில் எங்கள் எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். கடைசிச் சம்பளத்துக்குப் பதில் துண்டுகள் கொடுத்தார்கள். முகவரித் தாள் ஒரு கட்டு நானாக எடுத்து வந்தது. அன்றிலிருந்து சைக்கிள் ரிக்‌ஷா மிதிக்கிறேன். முதுகு வலி அதனால்தான். உனக்குச் சொல்ல வாய் வரவில்லை. அப்பாவின் இடத்தை நான்தான் வாங்கினேன், அதைக் காப்பாற்றவும் முடியவில்லை என்று எப்படிச் சொல்வேன்?

சங்கத் தலைவர் நியே ஒரு புகைப்படக்காரரோடு என்னைத் தேடி ஆலைக்கு வந்திருக்கிறார். வாசலில் பூட்டு. பக்கத்தில் சவாரிக்குக் காத்து நின்ற ஒருவனிடம், "ஏய், இங்க எழுத்தாளர் பெங் கைஷான் யாருப்பா?" என்று கேட்டிருக்கிறார். அவன்தான் நான்.

அவர் முகம் ஒரு நிமிஷம் விழுந்தது. அடுத்த நிமிஷம் மலர்ந்தது. "வேலை போன தொழிலாளி! ரிக்‌ஷா மிதிச்சுக்கிட்டே எழுதறான்! இது இன்னும் நல்லா இருக்கே!" என்று என்னை ரிக்‌ஷாமேல் உட்காரவைத்து நாலு கோணத்தில் படம் எடுக்கச் செய்தார். பெண் மனசை எப்படி இவ்வளவு தெரிந்துகொண்டேன் என்று கேட்டார். எங்கள் கூடத்தில் பெண் தோழர்கள் அதிகம் என்று சொல்லிவைத்தேன்.

இனிதான் முக்கியமான செய்தி. நகரத் தொழிலாளர் பண்பாட்டு மாளிகையில் எனக்கு ஒரு வேலை தருகிறார்களாம். பலகைக்கு எழுதுவது, கதைகளைத் திருத்துவது. நிரந்தரப் பதவி. ஒரு மேஜை, ஒரு டெலிபோன். பரிசளிப்பு செப்டம்பர் இருபத்தெட்டு. நியமனக் கடிதத்தையும் அன்றே மேடையில் கொடுப்பார்களாம்.

அண்ணி அழுகிறாள். நல்ல அழுகைதான்.

கைஷான்


டோங்குவான்
2001 ஜூலை 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

ரிக்‌ஷா பற்றித் தெரிந்ததில் ஒரு நிம்மதி. இரண்டு வருஷமாக உன் முதுகுக்குத் தவறான வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தேன். மிதிப்பவர்கள் ஒத்தடத்தோடு இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

முதல் பரிசுக்கு வாழ்த்து. இதை எழுதும்போது யாருக்கு எழுதுகிறேன் என்று கொஞ்சம் குழம்பித்தான் போனேன்.

என் இரண்டாவது கதைக்குப் பதில் வந்துவிட்டது. ஆசிரியர் வெய் எழுதியதை அப்படியே நகலெடுக்கிறேன்:

"தோழி பெங் சுயுன், உங்கள் கதையைப் படித்தேன். ஹூனான் மாகாணத்தில் முதல் பரிசு பெற்ற தொழிலாளி எழுத்தாளர் பெங் கைஷானின் கதாநாயகி, நடை, நிறுத்தற்குறிகள் வரை திருடியிருக்கிறீர்கள். குடும்பப் பெயரையும் விட்டுவைக்கவில்லை. உழைப்பவரின் உழைப்பைத் திருடுவது இரட்டைக் குற்றம். உங்கள் பெயரைக் குறித்துவைத்திருக்கிறோம், பிற பத்திரிகைகளுக்கும் தெரிவித்திருக்கிறோம்."

கடிதத்தில் ஒரு பிழை இல்லை. நல்ல ஆசிரியர். அவர் இடத்தில் நான் இருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பேன்.

இனி என் பெயரில் நான் எதை அனுப்பினாலும் அது உன்னிடமிருந்து திருடியதாகத்தான் இருக்கும். நீ ஆசிரியர் வெய்க்கு ஒரு கடிதம் எழுதினால் போதும். முதல் கதை யாருடையது என்று ஒரு வரி. அந்த ஒரு வரியால் உன் மேஜையும் டெலிபோனும் போய்விடும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் கேட்கிறேன்.

அண்ணியின் இருமலுக்கு வெயில் நல்லது.

சுயுன்


ஆலைக் குடியிருப்பு
2001 ஆகஸ்ட் 21

பிரியமுள்ள தங்கைக்கு,

பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுதினேன், கிழித்தேன், மறுபடி எழுதினேன். எழுத்தாளன் என்பதற்கு இதுதான் அடையாளம் என்று தலைவர் நியே சொல்கிறார்.

எனக்குத் தோன்றுவது இது. நீ கொஞ்சம் வேறு நடையில் எழுதிப் பார்த்தால் என்ன? நீளமான வாக்கியம், மலை, நிலா, அந்த மாதிரி. யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். இல்லையென்றால் இனி எழுதுவதை எல்லாம் எனக்கே அனுப்பு. மாளிகையில் உட்கார்ந்த பிறகு நான் அதைப் புத்தகமாகக் கொண்டுவருகிறேன். முன்னுரையில் தங்கைக்கு நன்றி என்று போடுகிறேன், பெரிய எழுத்தில்.

என்னைத் தப்பாக நினைக்காதே. நான் ஆலையில் சேர்ந்த அன்று ஒரு சட்டை கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால் காய்கறிக்காரி நல்ல முட்டைக்கோசாகப் பார்த்து எடுத்துக் கொடுப்பாள். நாட்டின் எஜமானர்கள் என்று எங்களை ஒலிபெருக்கியில் சொல்வார்கள். நான் நம்பினேன், சுயுன். பதினாறு வருஷம் நம்பினேன். அதற்குப் பிறகு இரண்டு வருஷமாக என்னை எல்லோரும் "ஏய்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். போன வாரம் மாளிகைக் காவலாளி "ஆசிரியரே, உள்ள வாங்க" என்றான். யாரைச் சொல்கிறான் என்று திரும்பிப் பார்த்தேன். என் பின்னால் யாரும் இல்லை.

நீ இளையவள். உனக்கு இன்னும் கதைகள் வரும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

கைஷான்


டோங்குவான்
2001 செப்டம்பர் 3

அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் சுகம். குடை வேலை அதிகம். இந்த மாதம் எனக்கு முப்பத்து நான்கு முடிகிறது.

சுயுன்


ஆலைக் குடியிருப்பு
2001 அக்டோபர் 7

சுயுன்,

நீ சுகமாக இருப்பாய் என்று எழுதத் துணிவில்லை. நீ எழுதியதில் மிகச் சின்னக் கடிதம் அதுதான். அதிகத் தடவை படித்ததும் அதைத்தான்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். மேடையில் படிப்பதற்காக வீட்டில் ஒத்திகை பார்த்தேன். சந்தையில் அந்தப் பெண்ணைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடும் இடம் வந்தது. அவள் பெயரை வாய்விட்டுப் படித்தேன். அண்ணி அடுப்படியிலிருந்து, "அவ எப்படித் திரும்புவா? பேரைத்தான் வேற யாரோ எடுத்துக்கிட்டாங்களே" என்றாள். கதையைத்தான் சொன்னாள். கீரை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

இருபத்தெட்டாம் தேதி அரங்கம் நிறைந்திருந்தது. வீட்டில் மடித்து வைத்திருந்த பழைய ஆலைச் சட்டையைப் போட்டு வரச் சொல்லியிருந்தார்கள். மேடை ஏறினேன்.

"தோழர்களே, இந்தக் கதைய நான் எழுதல. இத எழுதினது என் தங்கச்சி."

பலத்த கைதட்டல். தலைவர் நியே எழுந்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாத்தீங்களா! உண்மையான தொழிலாளி எழுத்தாளன் இப்படித்தான். எழுதினது நானில்ல, உழைக்கிற மக்கள்தான்னு சொல்றான்!"

"இல்லீங்க தலைவரே. நெசமாவே என் கூடப்பொறந்த தங்கச்சி. பேரு பெங் சுயுன். டோங்குவான்ல குடை தைக்கிறா."

"குடை தைக்கிற பெண்கள் எல்லாருமே நம்ம தங்கச்சிங்கதான்!" என்றார். இப்போது எழுந்து நின்று தட்டினார்கள்.

ஒரு மனிதன் தன்னைத் திருடன் என்று சொல்வது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. கடைசியில் உன் உற்பத்திச் சீட்டுகளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நடுவர்கள் மேஜையில் வைத்தேன். கரும்பலகைக்குப் போய் உன் முதல் வரியை என் கையெழுத்தில் எழுதினேன். "ரெண்டையும் பாருங்க. ஒரே கையா?" என்றேன். சீட்டைத் திருப்பிப் பார்த்தார்கள். பின்பக்கம் குடைக் கணக்கு, உன் தொழிற்சாலையின் பெயர். அதற்குப் பிறகுதான் அரங்கம் அமைதியானது.

திரைக்குப் பின்னால் நியே என் கையைப் பிடித்துக்கொண்டார். "உனக்கு என்னய்யா பைத்தியமா? மேஜை வந்தாச்சு. டெலிபோன் லைன் இழுத்தாச்சு."

"லைன் வந்துடுச்சில்ல, வேற யாராவது பேசட்டும்."

"பரிச மாத்தணும்னாலும் விதி இருக்கு. எழுதினவ தொழிலாளியா இருக்கணும், பணியிட முத்திரை இருக்கணும். அவ விவசாயி. பரிசு ரத்து, அவ்வளவுதான். உனக்கும் இல்ல, அவளுக்கும் இல்ல. திருப்திதானா?"

எழுத்தர் கு-விடம் போனேன். முதலில் இந்தக் கதையை நான் எழுதவில்லை என்று ஒரு சான்றிதழ் கேட்டேன். "எழுத்தாளன் இல்லேன்னு குத்தணும், அவ்வளவுதானே?" என்று உடனே குத்தினார். "இந்த முத்திரைல வந்த முதல் உண்மை இது." ஆசிரியர் வெய்க்கு அதன் நகலை என் கடிதத்தோடு அனுப்பிவிட்டேன்.

பிறகு அவரிடம் 1983-ஐச் சொன்னேன். இப்போது உனக்கும் சொல்கிறேன். கேண்டீனில் அன்று யாரும் எதுவும் சொல்லவில்லை. விதி ரத்தாகிறது என்று நானேதான் சொன்னேன். அது ரத்தானது மூன்று வருஷம் கழித்து. நாலு மாதம் பொறுத்தால் உனக்குப் பதினாறு ஆகும், அப்பா உன்னைத்தான் அனுப்புவார் என்று எனக்குத் தெரியும். உனக்குக் கணக்கு வரும், எழுத்து வரும். எனக்கு ஊறுகாய்ப் பானை தூக்கத்தான் வந்தது. அப்பா என்னை நம்பினார். நம்பிக்கொண்டேதான் செத்துப்போனார்.

கு எழுந்தார். பிறகு அலமாரிக்கு அடியிலிருந்து ஒரு பழைய பாரக் கட்டை இழுத்தார். தூசி தட்டினார். ஓய்வு பெறுபவரின் இடத்தில் குடும்பத்தார் ஒருவரை நியமிக்கும் பாரம். மஞ்சளாகப் போயிருந்தது.

"ஒரு இடத்துக்கு ஒரு ஆள். சொல்லு, ஓய்வு பெறறது யாரு?"

"பெங் கைஷான்."

"இடத்துக்கு வர்றது?"

"பெங் சுயுன். ஐயா, அந்த விதி செத்துப் பதினஞ்சு வருஷம் ஆச்சே?"

"ஆலையுந்தான் செத்துப்போச்சு. செத்த விதில செத்த ஆலைக்கு ஆள் எடுத்தா எவன்டா ஆட்சேபிப்பான்? வயசு?"

"முப்பத்து நாலு."

"பதினாறு முடிஞ்சிருக்கணும்னுதான் விதி. முடிஞ்சிருக்கு" என்று எழுதிக் குத்தினார்.

நியே அந்தப் பாரத்தை விளக்குக்கு முன் பிடித்துப் பார்த்தார். முத்திரையைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். முத்திரை சரியாக இருந்தால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அவர் நேர்மையான மனிதர்.

ஆகவே, தங்கையே, பதினெட்டு வருஷம் தாமதமாக உனக்கு மூன்றாம் பருத்தி ஆலையில் வேலை கிடைத்திருக்கிறது. போக வேண்டியதில்லை, போனாலும் பூட்டியிருக்கும். ஆனால் நீ தொழிலாளி, பரிசும் இனி உன் பெயரில்தான். நான் யார் என்று எந்தப் பாரத்திலும் இப்போது இல்லை. நேற்று ஒரு கிழவர் "ஏய், ஆஸ்பத்திரிக்கு வர்றியா?" என்றார். போனேன். திருத்தத்தோடு பத்திரிகையை உனக்கே நேராக அனுப்புவார்களாம். உன் பெயரைத்தான் சீட்டில் இருந்த தொழிற்சாலையோடு சேர்த்து முகவரியாக எடுத்துக்கொண்டார்கள். தடுக்க நினைத்தேன். அதற்குள் உறையில் எழுதிவிட்டார்கள்.

மன்னிப்பு என்ற சொல்லை எழுதிப் பார்த்தேன். என் கையெழுத்தில் அது நன்றாக இல்லை. அதனால் விட்டுவிட்டேன்.

கைஷான்


டோங்குவான்
2001 நவம்பர் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

விரல்கள் சுகம். உன் இடுப்புத் துணியைக் கட்டிக்கொள்கிறாய் அல்லவா?

நீ பதறாமல் படிப்பதற்காக விளைவை முதலில் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் ஏற்றுமதி முடியும் வரை எனக்கு வேலை உண்டு. அதற்குப் பிறகு இல்லை. அதற்குப் பிறகு என்ன என்று நானும் லுவோ அக்காவும் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆசிரியர் வெய் இரண்டாவது கதையை ஜனவரியில் போடுகிறார். அவர் எழுதிய மன்னிப்புக் கடிதத்திலும் ஒரு பிழை இல்லை.

அந்த விதி 1985-இலும் இருந்தது என்பதை லுவோ அக்கா இந்த வருஷம் சொல்லவில்லை. நான் இங்கே சேர்ந்த முதல் மாதமே சொல்லிவிட்டாள். நாலு வருஷமாக எனக்குத் தெரியும். நீ எப்போது சொல்வாய் என்று ஒவ்வொரு கடிதத்தையும் பிரித்தேன். நீ என் ஆரோக்கியத்தையே விசாரித்துக்கொண்டிருந்தாய். கோபம் இல்லை என்று எழுத மாட்டேன். ஆனால் நானே கேட்டு நீ சொல்வதும் நீயாகவே சொல்வதும் ஒன்றல்ல என்று தோன்றியது. அதனால்தான் கேட்கவில்லை.

நீ அனுப்பிய கு ஐயாவின் பாரத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். இல்லாத ஆலையின் தொழிலாளி, இருக்கிற ஆலையில் இல்லாத ஆள். இரண்டையும் கூட்டினால் ஒரு முழு ஆள் வரும் போலிருக்கிறது.

நேற்று மதியச் சாப்பாட்டு நேரம். கேண்டீனில் ஆயிரம் பேர் இருந்தோம். வாசல் காவலர் ஒரு பெரிய உறையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். தொழிற்சங்க முத்திரை போட்ட உறை என்பதால் திருப்பி அனுப்பப் பயந்திருக்கிறார்.

"பெங் சுயுன்! யாருங்க இங்க பெங் சுயுன்?"

நான் முட்டைக்கோசை மென்றுகொண்டிருந்தேன். கதையில் அந்தப் பெண் திரும்பாமல் போனது கற்பனை என்று நினைத்திருந்தேன். உண்மையில் எனக்குக் கழுத்தே அசையவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டார். பக்கத்து மேஜையில் ஒருத்தி, "பேரு நல்லா இருக்கே, யாரும் இல்லேன்னா நான் எடுத்துக்கறேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவர் உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பி நடக்க ஆரம்பித்தார்.

நான் எழுந்தேன். பெஞ்சு பின்னால் சாய்ந்து விழுந்து பெரிய சத்தம் போட்டது.

"நான்தான்."

சூப்பர்வைசர் ஹௌ தட்டோடு வந்தார். என் மார்பில் குத்தியிருந்த அட்டையைப் பார்த்தார், உறையைப் பார்த்தார். முடியை ஒதுக்கி என் காதையும் பார்த்தார்.

"நீ தெங் சியாவ்ஹே இல்ல?"

"இல்லீங்க."

"அப்போ நாலு வருஷமா என் லைன்ல உக்காந்து குடை தைச்சது யாரு?"

"அதுவும் நான்தான்."

உறையில் என் பெயரை எழுது.

பெங் சுயுன்